டீச்சர் என்ற குதிரைக்கு நான் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்

1. முதல் டூட்டி

கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் கழித்துத்தான் எனக்கு முதல் குதிரை வந்தது. அதுவும் ஒன்றல்ல. ஒரே காலையில் முப்பத்தொரு குதிரை.

அப்போது எனக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் வேலை. மாடு, ஆடு, கோழி, எப்போதாவது ஒரு நாய். கல்லூரியில் குதிரைப் பாடம் படித்தது உண்மை. ஆனால் பாடத்துக்கென்று இருந்த கிழட்டுக் குதிரையை நாற்பது பேர் சுற்றி நின்று பார்த்தோம். எனக்குக் கிடைத்தது அதன் வால்பக்கம்.

கோயில் திருவிழாவை ஒட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் டாக்டர் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் போகிறவர் லீவு. போனில் உத்தரவு வந்தது, போய்விட்டேன்.

அங்கே என்னை வரவேற்றவர் பந்தய சங்கத்தின் செயலாளர் பஷீர் பாய். கடலூர் முதுநகரில் டயர் கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்ததும், "டாக்டரம்மா, மொதல்ல டீச்சரப் பாத்துடுங்க. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்குது" என்றார்.

"பாவம், அவங்களுக்கு ஒரு சேர் போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் என்பது ஒரு பெண் குதிரை. சாம்பல் நிறம், நல்ல உயரம். தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் விதத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அதன் சொந்தக்காரர் கலியமூர்த்தி, காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருந்தார். வண்டி ஓட்டுபவரைச் சாரதி என்பார்கள். டீச்சருக்குச் சாரதி தனகோடி, கலியமூர்த்தியின் அக்கா அஞ்சலையின் வீட்டுக்காரர்.

"எங்க மாமா உக்காந்தாத்தான் இது ஓடும். நான் கூப்ட்டா திரும்பிக்கூட பாக்காது" என்றார் கலியமூர்த்தி. அதைச் சொல்வதில் அவருக்கு வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

நான் குதிரையின் காலைத் தூக்கத் தெரியாமல் தடுமாறியதைத் தனகோடி பார்த்துவிட்டார். யாருக்கும் கேட்காதபடி, "உள்ளங்கைல தெரியாதும்மா, பொறங்கைய வச்சு கீழ வரைக்கும் கொண்டாங்க. சூடு இருந்தா அதுல தெரியும்" என்றார். அப்படியே செய்தேன். அன்றைக்கு மற்ற முப்பது குதிரைகளையும் அவர் சொன்ன முறையில்தான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த டூட்டி எனக்கே வந்தது. குதிரை தெரிந்த டாக்டர் என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத்தான் தெரியும்.

2. ஒரே வரியில் எழுதுங்கள்

நான்கைந்து வருடம் கழித்து நடந்தது இது. அன்று பெரிய குதிரைப் பிரிவில் ஒன்பது வண்டிகள். காலையில் எல்லாக் குதிரைகளையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஃபிட் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். டீச்சருக்கும்தான்.

ரோட்டில் போய்க் கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பும்போது டீச்சர் முன்னால் வந்தது. இரண்டாவது வண்டிக்கும் அதற்கும் நல்ல இடைவெளி. எல்லைக்கு ஒரு கரண்ட் கம்பம் தூரம்தான் பாக்கி. அப்போது தனகோடி வண்டியில் எழுந்து நின்று லகானை இரண்டு கையாலும் இழுத்தார். டீச்சர் சறுக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

எவனோ, "வித்துட்டான்டா!" என்று கத்தினான். அவ்வளவுதான், கூட்டம் ரோட்டில் இறங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தனகோடி குதிரையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "காலு மச்சான், காலு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார்.

இடது முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பில் கல் இல்லை, வெட்டு இல்லை. அழுத்தினேன், குதிரை காலை இழுக்கவில்லை. கொஞ்ச தூரம் நடத்தியும் ஓட்டியும் காட்டச் சொன்னேன். நேராகத்தான் ஓடியது. சூடு இருக்கிறதா என்று பார்த்தால் நாலு காலும் சூடு. வெயிலில் அவ்வளவு தூரம் ஓடிவந்த குதிரை, வேறு எப்படி இருக்கும்?

சங்கத் தலைவர் ஒரு லெட்டர் பேடை என் கையில் கொடுத்தார். "டாக்டரம்மா, கூட்டம் அடிதடியில போய் நிக்கும். ஒரே வரியில எழுதுங்க. காயம் இருக்கா, இல்லியா?"

'காயம் எதுவும் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு சீல் வைத்தேன்.

அந்த நேரத்தில் என் மனதில் இன்னொன்றும் ஓடியது. காலையில் இதே குதிரைக்கு ஃபிட் என்று எழுதியவள் நான். இப்போது காயம் என்றால், காலையிலேயே இருந்ததா என்று கேட்பார்கள். அந்த எண்ணம் என் பேனாவை எவ்வளவு தள்ளியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சமும் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

தலைவர் என் வரியை மைக்கில் படித்தார். அன்று மாலையே சங்கம் தீர்மானம் போட்டது: காசு வாங்கிக்கொண்டு பந்தயத்தை விற்ற குற்றத்துக்காகத் தனகோடி இனி எந்தப் பந்தயத்திலும் வண்டி ஏறக் கூடாது. கலியமூர்த்தி டீச்சரைத் தானே பிடித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது தனகோடியிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "எங்க அக்கா மொகத்துக்காக உட்டுட்டுப் போறேன்."

3. மூன்றாம் நாள்

மூன்று நாள் கழித்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் கோமாரி தடுப்பூசி முகாம். முடித்துவிட்டுக் கலியமூர்த்தியின் மில்லுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. குதிரையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

டீச்சர் மில்லின் பின்பக்கம் நின்றது. புறங்கையை வைத்து இடது முன்னங்காலின் பின்பக்கம் கீழே கொண்டு வந்தேன். பாதி வழியில் சூடு. மற்ற மூன்று கால்களும் குளிர்ந்திருந்தன. அந்த இடத்தில் நரம்பு லேசாகத் தடித்திருந்தது. நாங்கள் டெண்டன் என்று சொல்வதைக் குதிரைக்காரர்கள் நரம்பு என்பார்கள். அதில் பிடிப்பு விழுந்தால் சில சமயம் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து வீங்கும்.

"எப்பத்துலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரி குட்டியானை வேன்ல ஏத்திக்கிட்டு வந்தோம். வழியெல்லாம் ஒதைச்சுக்கிட்டே வந்துச்சு. எறங்கும்போதும் சறுக்கிடுச்சு. அதுலதான் இருக்கும்" என்றார் கலியமூர்த்தி.

அதிலும் இருக்கலாம். பந்தயத்திலும் இருக்கலாம். பந்தயத்தில் லேசாகப் பிடித்ததை வண்டிப் பயணம் பெரிதாக்கியிருக்கலாம். எது என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் என்னிடம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஓய்வு கொடுக்கச் சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்தேன். இது பந்தயத்தன்று ஏற்பட்டதாகவும் இருக்கலாம் என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு மேலே இருந்த ஒரு அதிகாரியிடம் கேட்டேன். "நீ அன்னைக்குப் பார்த்ததை எழுதினே. இப்ப போய் மாத்தி எழுதினா ரெண்டுமே பொய்னு சொல்வாங்க. விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன். விடச் சொல்லி யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டேனோ என்னவோ.

4. புகழ் சுவர்

ரிட்டயர் ஆகிக் கடலூரில் செட்டில் ஆன பிறகு ஒரு நாள் பஷீர் பாய் போன் செய்தார்.

"டாக்டரம்மா, ஃபாரின்ல எல்லாம் குதிரை ரேஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம்னு வச்சிருக்காங்களாம். என் பொண்ணு போன்ல காட்டுனா. நம்ம சங்கக் கட்டடத்துலயும் ஒரு செவுரு ஒதுக்கிருக்கோம். யாரு யாரு போட்டோ மாட்டணும்னு முடிவு பண்ண அஞ்சு பேரு. அதுல நீங்க ஒருத்தரு."

"நான் எதுக்கு பாய்?"

"உங்களுக்குச் சொந்தக் குதிரையும் கெடையாது, ஓட்டுற மாமா மச்சானும் கெடையாது. அதுக்குத்தான்."

முதல் கூட்டத்திலேயே தலை சுற்றியது. யாரைப் போடுவது என்பதற்கு முன்னால் எதைப் போடுவது என்பதே தெரியவில்லை. "செலவு பண்றவன் ஓனர், அவன் போட்டோதான் மாட்டணும்" என்றார் தலைவர். அவர் ஓனர். "குதிரைதானே ஓடுது, ஓனரா ஓடுறாரு?" என்றார் ஒருவர். "அப்படின்னா லாடம் அடிச்சவரு?" என்றார் இன்னொருவர். அவருடைய அப்பா லாடம் அடித்தவர். ஜாஸ்தி ஜெயித்தவரா, ஜெயிக்காவிட்டாலும் ஜனம் பேசுகிறவரா? ஒரே குதிரையில் பத்து முறை ஜெயித்தால் அது சாரதிக்கா, குதிரைக்கா? ஒருவர் போர்டில் எழுதிக்கொண்டே வந்தார், கடைசியில் அழித்துவிட்டார்.

ஒருவழியாக ஓனர், சாரதி, குதிரை என்று மூன்று வரிசை என முடிவானது. ஓனர் வரிசையில் முதல் பெயர் கலியமூர்த்தி. யாரும் எதிர்க்கவில்லை. சாரதி வரிசையில் பஷீர் பாய், "தனகோடி" என்றார்.

"பந்தயத்த வித்தவன் போட்டோவ மாட்டச் சொல்றீங்களா பாய்?" என்றார் தலைவர். "டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்களே, பைல்ல இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

5. பெண்ணாடம்

தனகோடி பெண்ணாடத்தில் மகள் வீட்டில் இருப்பதாகப் பஷீர் பாய் சொன்னார். அடுத்த நாளே பஸ் ஏறினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும் ரோட்டோரம் ஒரு சின்ன ஓட்டு வீடு. அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தனகோடிதான் வெளியே வந்து நாற்காலி போட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

புகழ் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் இழுத்தீங்க?"

அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "லகான் இந்தக் கைல ஒரு மாரி கனமா வந்துச்சும்மா. ஒரே ஒரு தடவ. அது எப்பவும் அப்படி இழுக்காது. காலுதான் போச்சுன்னு தோணுச்சு, எழுந்து நின்னுட்டேன். நெனச்சுக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க காயம் இல்லன்னு எழுதிட்டீங்க. படிச்சவங்க, நாலு காலையும் தடவிப் பாத்தவங்க. எனக்கே சந்தேகமாப் போச்சு. பின்னால வண்டி வர்ற சத்தம் கேட்டுப் பயந்துட்டேனா? கையி மரத்துடுச்சா? இத்தினி வருசமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். காசு வாங்கல, அது மட்டும் தெரியும். ஏன் இழுத்தேன்னு இப்ப எனக்குத் தெரியல."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மில்லில் பார்த்ததைச் சொன்னேன். சூடு, தடிப்பு, குட்டியானையில் உதைத்தது, எல்லாம்.

அஞ்சலை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"மூணாம் நாளே தெரியுமா உங்களுக்கு?"

"நிச்சயமாத் தெரியாதும்மா. இருக்கலாம்னுதான்..."

"இருக்கலாம்னு சொல்லியிருக்கலாமில்ல? எந்தம்பி எம்பொண்ணு கல்யாணத்துக்கு வரல. எங்கம்மா செத்த அன்னிக்கு ஒரே வூட்டுல நின்னுக்கிட்டு இவுருகிட்ட ஒரு வார்த்த பேசல. இவரு வாயத் தொறந்தா, 'டாக்டரே எழுதிட்டாங்க'ன்னு மூடிடுவாங்க. இப்ப போட்டோ மாட்ட வந்திருக்கீங்க."

தனகோடி அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்போ அது காலுதானா டாக்டரம்மா?"

அந்த மனிதரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் ஏற்கனவே ஒருமுறை தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியவள் நான். "தெரியலண்ணே. இருக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றேன்.

"சரி. அத எழுதிக் குடுங்க" என்றார்.

6. இரண்டாவது கூட்டம்

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நாலு முறை கிழித்துப் போட்டு எழுதினேன். பந்தயத்தன்று பார்த்தபோது என் பரிசோதனையில் காயம் தென்படவில்லை. அதை நான் 'காயம் இல்லை' என்று எழுதியது தவறு. மூன்றாம் நாள் அதே காலில் சூடும் தடிப்பும் பார்த்தேன். அது பந்தயத்தில் ஏற்பட்டதா, அதற்குப் பின்னால் ஏற்பட்டதா என்று எனக்குத் தெரியாது. இதை அப்போதே தெரிவிக்காததும் என் தவறு.

முதுநகர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். சுவரில் போட்டோ ஏறப் போகிறவர்களையும் அன்று கூப்பிட்டிருந்தார்கள், அதனால் கலியமூர்த்தியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பஷீர் பாய் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒரே குழப்பம்.

"அப்போ வித்தானா, விக்கலியா?" என்றார் தலைவர்.

"அது எனக்குத் தெரியாது சார். வித்தார்னு சொல்ல என் சர்டிபிகேட்ட ஆதாரமா வச்சீங்க. அது ஆதாரம் ஆகாதுன்னு சொல்றேன்."

"காயம் இருந்துச்சா, அதச் சொல்லுங்க."

"தெரியாது."

"என்னம்மா, டாக்டரு தெரியாதுன்னா நாங்க யாரப் போயி கேக்குறது?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். கடைசியில் பழைய தீர்மானத்தை ரத்து செய்தார்கள். அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், தலைவரும்தான். ஆனால் புகழ் சுவரில் தனகோடிக்கு இடம் கிடைக்கவில்லை. ஓட்டுக்கு விட்டதில் மூன்றுக்கு இரண்டு. தடை விழுந்ததால் அவர் ஓட்டிய வருடங்கள் குறைவு, அவரைவிட ஜாஸ்தி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அந்தத் தடையே தப்பு என்று இப்போதுதானே எழுதினீர்கள் என்று கேட்டேன். "அதுக்காக ஓடாத பந்தயத்தையெல்லாம் ஜெயிச்சதா எழுத முடியுமாம்மா?" என்றார் தலைவர். அவர் சொல்வது நியாயமா அநியாயமா என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. நானும் பாயும் போட்ட இரண்டு ஓட்டு வீணாகப் போனது. கலியமூர்த்தியின் போட்டோ ஓனர் வரிசையில் முதலாவதாக ஏறியது.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கலியமூர்த்தி பின்னாலேயே வந்தார். கடிதத்தின் ஜெராக்ஸ் ஒன்று அவர் கையில் இருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"டாக்டரம்மா, குட்டியானைல ஒதைச்சுதுன்னு நாந்தான் சொன்னேன். அதுலதான் வீங்குச்சுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்" என்றார். பேப்பரை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்க தெரியாதுன்னு எழுதிருக்கீங்க."

"ஆமாம்."

"இத அன்னிக்கே எழுதிருந்தீங்கன்னா, நான் எங்க மாமாவக் கேட்டிருப்பேனே. இல்லன்னு எழுதிட்டீங்க. அதுக்கு மேல கேக்க என்னா இருக்குன்னு இருந்துட்டேன்."

அவர் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டார். "அக்கா" என்றது மட்டும் கேட்டது. அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. என்ன பேசினார்கள், தனகோடி போனை வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்து சீல் கையில் வாங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 'இல்லை' என்பதும் 'எனக்குத் தென்படவில்லை' என்பதும் ஒரே பொருள் தருவது போலத் தோன்றும். அவசரத்தில், கூட்டத்துக்கு நடுவில், ஒரே வரியில் எழுதச் சொன்னால் சின்ன வார்த்தையைத்தான் கை எழுதும். பெரிய வார்த்தையை எழுதுங்கள். நாம் தெரியாது என்று எழுதினால், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இன்னொருவரைக் கேட்பார்கள். நாம் தெரியும் என்று எழுதிவிட்டால் அதோடு யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.